எங்கள் வீட்டு இளமை பாட்டில்

நான் இளமையைத் திரும்பப் பெற முயன்றுகொண்டிருக்கிறேன் என்று எங்கள் அலுவலகத்தில் வெகுநாள் எல்லோரும் நம்பினார்கள். நான் மறுக்கவில்லை. வழுக்கையும் தொந்தியுமாக இருக்கிறவன் மறுத்தால் சந்தேகம் இன்னும் கூடத்தான் செய்யும்.

நாங்கள் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மனைவிக்கு நாற்பது தாண்டிய பிறகுதான் குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போனோம். முதல் முறை கருமுட்டை எடுத்தபோது ஒன்றும் தேறவில்லை. இன்னொரு முறை பார்க்கலாம், அதற்கு முன் சில மாதம் இதைச் சாப்பிடட்டும் என்று டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். டி.ஹெச்.இ.ஏ. என்று பெயர்.

ஆட்டோவில் திரும்பும்போது மனைவி சொன்னாள்: "இதுதான் கடைசி. இதுவும் இல்லேன்னா விட்டுடலாம்." ஆட்டோ சிக்னலில் நின்றது. "விட முடியுமான்னுதான் தெரியல," என்றாள்.

சிகிச்சை விஷயம் அவள் அம்மாவுக்கே தெரியாது. வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு.

எதையும் படித்துப் பார்த்துக் கவலைப்படுவது என் வழக்கம். படித்தேன். இது நேரடியாக ஹார்மோன் இல்லையாம். அதற்கு முந்திய நிலை. அரைத்து வைத்த மாவு மாதிரி. இதை வைத்து உடம்பு ஆண் ஹார்மோனும் செய்துகொள்ளும், பெண் ஹார்மோனும் செய்துகொள்ளும். இட்லியா தோசையா என்பது உடம்பின் இஷ்டம். எங்களுக்குச் சீட்டில் எழுதித் தந்த இதையே அமெரிக்காவில் இளமை தரும் சத்து மாத்திரை என்று வைட்டமினுக்குப் பக்கத்தில் அடுக்கி விற்கிறார்கள். சீட்டும் வேண்டாம், கேள்வியும் கிடையாது.

எங்கள் பேட்டையான அடுகோடியின் மருந்துக் கடையில் தீர்ந்துபோயிருந்தது. "நாளெ பன்னி சார்," என்று கன்னடத்தில் நாளைக்கு வரச் சொன்னார் கடைக்காரர். நாளைக்குப் போனாலும் அதையேதான் சொன்னார். பெங்களூர் அலுவலகங்களில் யாராவது அமெரிக்கா கிளம்பினால், அவர் போகும் வேலை என்னவோ, நமக்குச் சாமான் வாங்கி வருவதுதான் முக்கியம். அதே அளவு மாத்திரை என்றால் சரி என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டதால், எங்கள் டீமில் இருந்த வேலூர்ப் பையனிடம் சொல்லி அனுப்பினேன். பையன் என்றால் முப்பத்தைந்து வயது. என் பக்கத்திலிருந்து பார்த்தால் பையன்.

திரும்பி வந்தவன் பையைப் பிரித்து, சாக்லேட், சென்ட் என்று எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்த பிறகு பாட்டிலை மேசைமேல் வைத்தான். பாட்டிலில் நரைத்த மனிதர் ஒருவர் கடற்கரையில் சட்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பில் போடுற பொண்ணு என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. மானமே போச்சு."

"எனக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நம்பலன்னா காட்டலாம்னு உங்க போட்டோவைக்கூட எடுத்து வெச்சிருந்தேன்."

பக்கத்து மேசைக் கன்னடக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன குரு, செகண்ட் இன்னிங்ஸா?" என்றார்.

மனைவிக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். சொல்ல முடியாது. சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து நான் லிஃப்டை விட்டுப் படியேறினால் பாட்டில் வேலை செய்கிறது என்றார்கள். லிஃப்டில் போனால் டோஸ் போதவில்லை என்றார்கள். எல்லாவற்றையும் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து சொல்வேன். அந்த மாதங்களில் அவள் ஆர்வமாகக் கேட்ட செய்தி அது ஒன்றுதான். "அப்புறம் என்ன சொன்னாங்க?" என்பாள்.

பாட்டில் வீட்டில்தான் உண்மையாக வேலை செய்தது. அவள் தாடையில் பரு வந்தது. பிறகு மேலுதட்டில் மெல்லிய மீசை. பியூட்டி பார்லர் பெண் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே, "ஏன் மேடம், போன வாரம்தானே எடுத்தோம்?" என்று கேட்டாளாம்.

"அம்மா ஆகறதுக்குச் சாப்பிடறேன். அப்பா ஆயிடுவேன் போல இருக்கு," என்றாள் கண்ணாடி முன்னால்.

"அப்ப நான் என்ன செய்யறது?"

"நீங்க எப்பவும்போல சும்மா இருங்க."

சிரித்தோம். அவள் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டாள்.

இரண்டாவது முறையும் தேறவில்லை. வேண்டுமானால் இன்னும் சில மாதம் அதே மாத்திரை, அப்புறம் மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா, தாழ்ந்த குரலில். சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் பாட்டில் பாதியோடு நின்றது. மனைவி அதைத் தொடவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. நான் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது பெருந்தன்மையா பயமா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. காலையில் காபியோடு உட்கார்ந்து அதன் மூடியைப் பார்ப்பேன்.

அலுவலகத்தில் குடும்பத்தோடு வரச்சொல்லும் நாள் வந்தது. பிஸிபேளேபாத் வரிசையில் நானும் மனைவியும் நின்றபோது வேலூர்ப் பையன் வந்து சேர்ந்தான்.

"அண்ணா, அடுத்த மாசம் மறுபடி போறேன். இன்னொரு பாட்டில் வேணுமா?" என்றவன் அவள் பக்கம் திரும்பினான். "அண்ணி, நீங்களே சொல்லுங்க. ஏதாவது முன்னேற்றம் தெரியுதா?"

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தைரியமில்லை.

"முன்னேற்றமா? இவருக்கா?" என்றாள். பில் போட்ட பெண்ணைப் போலவே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேணாம் தம்பி. வாங்கிட்டு வராதீங்க. இவரு இப்படியே இருக்கட்டும். எனக்கு இது போதும்."

வரிசையே சிரித்தது. கன்னடக்காரர் என் முதுகில் தட்டினார். அவள் என் தட்டிலிருந்த அப்பளத்தைப் பாதியாக உடைத்து எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன்: "நெஜமாவா?"

"எது?"

"போதும்னு சொன்னது."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாதி நெஜம்," என்றாள். "மிச்சத்துக்குக் கொஞ்சம் நாளாகும்."