மங்கலாகவே விட்டிருக்க வேண்டிய படம்

தாடை ஒரு கல்யாணத்தையே தொலைத்துவிட்டாராம். முடி வெட்டுகிறவர் என் காதோரம் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னார். அவருக்கு, எனக்கு முன்னால் வந்த வாடிக்கையாளர் சொன்னது. அந்த வாடிக்கையாளருக்கு அவருடைய கொழுந்தியாள் சொன்னது.

"படம் பூரா போச்சாம் சார். காலையிலேருந்து லிங்க்கைத் திறந்தா ஒண்ணுமே இல்லையாம். பொண்ணோட அம்மா, இன்னொரு தடவை கல்யாணம் பண்ணவா முடியும்னு கேக்கறாங்களாம்."

"மாப்பிள்ளையக் கேட்டுப் பாத்தாங்களா?"

அவர் சிரித்தார். என் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. கல்யாணப் படம் எடுக்கிற தாடை என் அக்காவின் கணவர். இந்த அயல்நாட்டு ஊரில் நம்மாட்கள் நாலு தெருவுக்குள் அடக்கம். ஒருவர் பெயர் கெட்டால் அன்று மாலைக்குள் குடும்பமே தலையைக் குனிந்து நடக்க வேண்டியதுதான். கழுத்தில் ஒட்டிய முடியைக்கூடத் தட்டாமல் அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

யாரைப் படம் எடுத்தாலும் "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்பார் அத்தான். ஒருமுறை பல் டாக்டரிடமே சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்தப் பெயர். இங்கே வந்த புதிதில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடையில்தான் வேலை. சிரிக்கக் கூடாத முகங்களாகவே பல வருடம் பார்த்ததில் அவருக்கு ஒரு வித்தை படிந்துவிட்டது. "முடி மாறும், உடம்பு மாறும், மூக்கைக்கூட மாத்திக்கலாம். காது மாறாது மாப்ளே," என்பார். அப்புறம் கல்யாணங்கள். ஒரு நாள் முழுக்கத் தோளுக்கு ஒன்றாக இரண்டு கேமரா. அதன்பின் வாரக்கணக்கில் பின்னறை. பொறுக்குவது, நிறம் திருத்துவது, பருவைத் துடைப்பது, முகத்தில் விழுந்த நிழலைத் தூக்கிவிடுவது. சுவரின் நிறம் கண்ணை ஏமாற்றக் கூடாதென்று அந்த அறைக்குச் சாம்பல் நிறம் அடித்திருக்கிறார். "வெளிய மேகமா கெடக்கறது பத்தலைன்னு வீட்டுக்குள்ளயும் கொண்டாந்து வெச்சிருக்கார்," என்பாள் அக்கா.

அன்று கதவைத் திறந்தவள் பின்னறையைக் கைகாட்டினாள்.

அத்தான் நாற்காலியில் இருந்தார். இரண்டு திரைகளும் எரிந்துகொண்டிருந்தன.

"கேமரா கார்டு தொலைஞ்சுபோச்சா அத்தான்?"

"எல்லாம் இருக்கு. நான்தான் லிங்க்கை மூடினேன்."

"மூடினாரே, அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா?" என்றாள் அக்கா. "என்னன்னு என்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறார்டா. காலையிலேருந்து இதே உக்காருதான்."

அவர் திரையைத் திருப்பினார்.

இப்போதெல்லாம் ஆல்பத்துக்கு முன்னால் விருந்தினர்களுக்கு ஒரு லிங்க் போகிறது. அதில் நம் முகத்தைப் போட்டால், ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து நாம் இருக்கிறவற்றை மட்டும் பொறுக்கி நம் ஃபோனுக்கு அனுப்பிவிடும். சந்தேகம் வந்தால் இரண்டு முகங்களையும் அருகருகே வைத்து ஃபோட்டோகிராஃபரைக் கேட்கும்: இவர்தானா? பெரியம்மாக்கள் கல்லூரிக் காலத்துப் படத்தைப் போட்டுவிட்டு மெஷினைத் திட்டுவார்கள். அத்தான் டீயைக் குடித்தபடியே ஆம், ஆம், இல்லை என்று அழுத்திக்கொண்டிருப்பார். மெஷினுக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிறது என்று அவருக்கு அதில் ஒரு சின்ன கர்வம்.

திரையில் இடது பக்கம், கல்யாண அலங்காரத்தில் ஒரு பெண். பழைய படம். பாதியில் வெட்டியிருந்தார்கள், ஓரத்தில் ஒரு ஆணின் தோள் மட்டும் மிச்சம். வலது பக்கம், அத்தான் போன வாரம் எடுத்த படத்திலிருந்து ஒரு துண்டு. ஒட்ட வெட்டிய தலை, ஒடுங்கிய கன்னம், பக்கவாட்டு முகம்.

"இது ரெண்டும் ஒரே ஆளா?" என்றேன்.

"மெஷினும் உன்ன மாதிரிதான் கேட்டுச்சு, முந்தாநாள். காதைப் பாத்தேன். ஆமான்னு அழுத்திட்டேன். கேட்ட நம்பருக்குப் படம் போயிடுச்சு."

"அதுக்கென்ன?"

"கல்யாணத்தன்னிக்கு இந்தப் பொண்ணு என்கிட்ட வந்து நின்னுச்சு. கல்யாணப் பொண்ணோட சிநேகிதி. வேலையிலேருந்து நேரா வந்திருந்துச்சு. 'அண்ணே, நான் எதுலயும் வரக் கூடாது, தப்பித் தவறி வந்தா அழிச்சுடுங்க'ன்னு சொல்லிச்சு. சரிம்மான்னேன். முகம் தெரியற எல்லாத்தையும் அழிச்சேன். இது ஒண்ணை விட்டுட்டேன்."

முழுப் படத்தைத் திறந்தார். நடுவில் மணப்பெண்ணின் மாமா வயிறு குலுங்கச் சிரிக்கிறார். அவருக்குப் பின்னால், தூணோரம், அந்தப் பெண்.

"மாமா சிரிச்ச படம் இது ஒண்ணுதான். அவ பின்னால மங்கலாத்தான் இருந்தா, பக்கவாட்டுல. யாருக்கு அடையாளம் தெரியப்போகுதுன்னு நெனச்சேன். அப்புறம் படம் இருட்டா இருக்கேன்னு மொத்தத்தையும் வெளிச்சமாத் தூக்கிவிட்டேன்." அவர் விரல் திரையில் அவளுடைய சட்டைக்கு நேரே நின்றது. "நானே தெளிவாக்கிட்டேன், மாப்ளே."

வேலைச் சட்டை. நெஞ்சில் பேக்கரியின் பெயர். எழுத்துக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை.

"அவளே தன் பழைய படத்தைப் போட்டுப் பாத்திருக்கலாம்ல?" என்றாள் அக்கா. அவள் குரல் இறங்கியிருந்தது.

"அப்படித்தான் நானும் நெனச்சிருந்தேன். இன்னிக்குக் காலையில அதே நம்பர்லேருந்து இன்னொரு படம். இன்னும் வேற ஏதாவது கெடைக்குமான்னு."

அதைத் திறந்தார். அதே பெண், நீளமான முடியோடு, கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து எடுத்த படம். எடுத்தவனின் நிழல் போர்வைமேல் விழுந்திருந்தது.

தன்னைத் தேடுகிறவள் எவளும் தான் தூங்குகிற படத்தைப் போட மாட்டாள்.

"அய்யோ," என்றாள் அக்கா, மெதுவாக. அடுத்த நொடியே, "இதை வெச்சுக்கிட்டா காலையிலேருந்து செலை மாதிரி உக்காந்திருந்தீங்க? அவளுக்கு ஃபோன் போட்டீங்களா?"

"நம்பர் இல்ல."

"கல்யாணப் பொண்ணுகிட்ட இருக்குமே."

"கேட்டா, நான் பண்ணினதைச் சொல்லணும்."

"சொல்லுங்க."

அத்தான் மணப்பெண்ணை அழைத்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு அவள் பேசியது எங்களுக்கும் கேட்டது. "அண்ணே, அவ வீட்டுக்காரன்கிட்டேருந்து ராத்திரியோட ராத்திரியா ஓடிவந்தவ. ரெண்டு ஊர் மாறியாச்சு. என் கல்யாணத்துக்கு வரவே மாட்டேன்னா. நான்தான் கெஞ்சிக் கூட்டியாந்தேன்." அவள் பெயரையும் எண்ணையும் சொன்னாள். அத்தான் எழுதவில்லை, உதடு அசைய மனப்பாடம் செய்தார்.

நான் அதற்குள் சட்டையிலிருந்த பெயரைத் தேடிப் பிடித்து பேக்கரிக்கு அழைத்திருந்தேன். ஒரு பெண் எடுத்தாள். இந்த ஊர் மொழியில், ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்துக்கொண்டு, அவள் இருக்கிறாளா என்று விசாரித்தேன். பயந்தால் எனக்கு இலக்கணம் முதலில் ஓடிவிடும். அப்போதுதான் கிளம்பினாளாம். இன்று எல்லாரும் அவளையே கேட்கிறார்களே என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"வேறு யார் கேட்டார்கள்?"

ஒருவர் வந்திருந்தாராம். மிகவும் மரியாதையானவராம். கல்யாணத்தில் எடுத்த படத்தைக் காட்டி, இதை அவளிடம் நேரில் கொடுக்க வேண்டும், ஃபோட்டோகிராஃபர்தான் அனுப்பினார் என்றாராம். அவள் பின்பக்கக் கதவு வழியாகத்தான் போவாள் என்று இவள்தான் சொல்லியனுப்பினாளாம். ஏன், ஏதாவது தவறா?

பின்பக்கம் ஆட்களை அனுப்பு, அவளை உள்ளே கூட்டிக்கொண்டு கதவைப் பூட்டு என்று எதையெதையோ சொன்னேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. "இருங்கள்" என்றாள். ஃபோனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்பறையின் இரைச்சல் மட்டும்.

நான் கேட்டதை அத்தானிடம் சொன்னேன். "ஃபோட்டோகிராஃபர் அனுப்பினாரா," என்றார். அவர் உதடு வெளுத்துப்போயிருந்தது.

"பெறவு நடுங்கிக்கலாம், இப்ப போடுங்க," என்றாள் அக்கா. அவள் தன் ஃபோனில் போலீஸை அழைத்துவிட்டு, திரைக்கு அருகே குனிந்து, அந்தச் சட்டையில் இருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தான் எண்ணை அழுத்தினார். முதல் தடவை ரிங் முழுதாகப் போய் நின்றது. "அறிமுகமில்லாத நம்பர்னு எடுக்காம இருக்கா," என்றார் என்னைப் பார்த்து. நானும் அப்படித்தான், எடுக்க மாட்டேன் என்றேன். செய்தி அனுப்பினார்: "நான் ஃபோட்டோ அண்ணன். கடைப் பின்பக்கம் நிக்காதீங்க. ஃபோனை எடுங்க."

செய்தி போய்ச் சேர்ந்தது. அவள் படித்ததாகக் காட்டவில்லை.

மறுபடி அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றோம். என் காதில் பேக்கரியின் இரைச்சல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் திரும்பி வரவில்லை. மேசைமேல் ரிங் போய்க்கொண்டே இருந்தது.

"எடும்மா," என்றார் அத்தான்.