ராணிக்குப் பதிலாகப் போன நாய்

மன்னார்புரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் மூக்கன் எதையும் லேசில் நம்பமாட்டார். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த பிறகும் இன்னொருமுறை முக்கிப் பார்ப்பார். சந்தேகப்பட்டுக் கெட்டவன் எவனுமில்லை என்பது அவர் கட்சி. அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது கடைவாசலில் படுத்திருக்கும் ராணியை மட்டும்தான். செவலை நிறம், ஏழு வயது, கழுத்தில் சிவப்புப் பட்டை.

ஸ்ரீரங்கத்தில் கிளினிக் நடத்தும் கால்நடை டாக்டர் வைஷ்ணவி ஒருநாள் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்ட வந்தார். ராணியைப் பார்த்தவர், "நல்லா ஆரோக்கியமா இருக்கே! ஒரு ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கலாமா அண்ணே?" என்றார்.

மூக்கனுக்குச் சுருக்கென்றது. "நல்லா இருக்கற நாய்க்கு எதுக்குங்க ரத்தம் எடுக்கணும்?"

"ரத்தக்குழாயை வளர வைக்கிற ஒரு பொருள் உடம்புல இருக்குங்க. கட்டி கிட்டி வந்தா அது ஏறலாம். ஏறியிருக்குன்னு சொல்லணும்னா, நோயில்லாத நாய்க்கு எவ்வளவு இருக்கும்னு முதல்ல தெரியணும்ல?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் கூடியது. ரத்தத்தை விற்பார்களோ? ஏதாவது மருந்தை ஏற்றிப் பார்ப்பார்களோ? என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று, "சரிங்க, கூட்டிட்டு வரேன்" என்றார்.

எதிர் டீக்கடைச் சாம்பல் மேட்டில் இன்னொரு செவலை நாய் கிடக்கும். அதே உயரம், அதே நிறம். செத்தால் கேட்க நாதியில்லை. மூக்கன் ராணியின் பட்டையைக் கழற்றி அதற்கு மாட்டினார். நாலு பன்னைக் காட்டி ஆட்டோவில் ஏற்றினார். வழியெல்லாம் அது அவர் தொடையில் தலை வைத்துத் தூங்கியது.

கிளினிக்கில் வைஷ்ணவி தொட்டுப் பார்த்து, காய்ச்சல் பார்த்து, ஒரு குழாய் ரத்தம் எடுத்தார். அவ்வளவுதான். மூக்கன் கண் கொட்டாமல் பார்த்தும் ஒரு சூதும் அகப்படவில்லை. திரும்பி வந்ததும் பட்டையைக் கழற்றிக்கொண்டு நாயை விரட்டிவிட்டார்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. "அண்ணே, ராணிக்கு அந்தப் பொருளோட அளவு மத்த நாய்ங்களைவிட ரொம்ப அதிகம். இதை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்லிட முடியாது. வயித்தை ஸ்கேன் பண்ணிடலாம், நாளைக்கே வாங்க."

நம்ம ராணிக்கு இல்லை, அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு எதிர்ப்பக்கம் பார்த்தார். அந்த நாய்க்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம் என்பது உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ரெண்டு நாள் கிளினிக் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் ஆட்டோவை நிறுத்தினார். பன் எதுவும் தேவைப்படவில்லை. அதுவாகவே ஓடிவந்து ஏறிக்கொண்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

வைஷ்ணவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைச் சந்தேகப்பட்டது போகட்டும் அண்ணே. நீங்க சொல்லாம விட்டிருந்தா இதை யாரு தேடியிருப்பா?"

மூக்கன் நாயைத் தூக்கி மேஜைமேல் படுக்க வைத்தார். ஸ்கேனில் மண்ணீரலில் ஒரு கட்டி தெரிந்தது. சின்னதுதான், ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழியுண்டு என்றார் வைஷ்ணவி. தாளில் ராணி என்ற பெயரை அடித்துவிட்டு, "இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டார்.

மூக்கன் நாயின் காதைத் தடவினார்.

"'ச்சீ, போ'ன்னு மட்டுந்தாங்க கூப்பிட்டிருக்கேன்."

அதைக் கேட்டதும் மேஜைமேல் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கி வாலை ஆட்டியது.