பனிக்குக் கருகாத இலை

செடிக்குப் பெயர் எழுத எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தண்டு, உருண்டையா நாலு பட்டையா என்று. அடுத்து இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா. பிறகு இலையின் விளிம்பு, ரோமம், கசக்கினால் வரும் மணம். பூ வந்து, இதழ்களையும் மகரந்தத் தாள்களையும் எண்ணிய பிறகுதான் குடும்பம் எது என்று முடிவு செய்வேன். அதுவரை நோட்டில் பென்சில் எழுத்துதான். ஒரு பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தில் இருபத்தைந்து வருடமாக உதவியாளனாக இருக்கிறேன். அங்கே வந்த பழக்கம் இது.

மலைமேல் இருக்கும் அட்டுவம்பட்டியில் எங்கள் தெருக்காரர்கள் வேலியோரம் புதிதாக எது முளைத்தாலும் ஒரு கொப்பை ஒடித்து, ஈரக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொண்டுவருவார்கள். ஓடை நெடுகப் பூக்கும் வெள்ளை லில்லி, லில்லியே அல்ல, சேம்பின் சொந்தம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் நான் சொன்னதுதான் முடிவு. எனக்கு அதில் பெருமை இருந்தது. அதை மறைக்கவில்லை.

எங்களுக்குப் பால் ஊற்றியவர் இரண்டு வீடு தள்ளி இருந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. ஒரு பசு. அந்த ஒரு பசுவை வைத்துத்தான் மகளைத் திண்டுக்கல்லில் நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். பசுவுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிடுவார்.

மார்கழியில் இங்கே உறைபனி விழும். காலையில் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும், வெயில் ஏறியதும் கருகிவிடும். தீவனத்துக்கு அது கஷ்டமான காலம். கடும்பனி விழும்வரையாவது அவர் பசுவுக்கு ஆகட்டும் என்று நான் கம்ஃப்ரி பாத்தி ஒன்று போட்டிருந்தேன். அகல இலைச் செடி. வேர்த்துண்டு விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கும். கார்த்திகை முழுக்க அவர் அதை அறுத்துக்கொண்டு போனார். கையெல்லாம் சொரசொரவென்று அரிக்கிறது, ஆனால் பசு விரும்பித் தின்கிறது என்று சொன்னார்.

போன மார்கழியில் பனி கடுமை. இரண்டே நாளில் பாத்தி முழுவதும் கருகிப் படிந்துவிட்டது. மதில் சுவரை ஒட்டி, பேரிக்காய் மரத்தடியில் மட்டும் ஒரு வரிசை பச்சையாக நின்றது. அதே அகலம், அதே நீளம், தரையோடு வட்டமாக அடுக்கிய அதே இலைகள். நான் கொத்தியபோது வேர்த்துண்டு தெறித்து அங்கே முளைத்திருக்கிறது என்று நினைத்தேன். பூ இல்லை. இருந்தும் அன்றைக்கு நோட்டில் பேனாவால் எழுதினேன்: கம்ஃப்ரி, சுவரோரம், பனிக்குத் தப்பியது.

மறுநாள் வெள்ளனே அவர் அரிவாளோடு வந்தார். குளிருக்குக் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். முதல் பிடியை அறுத்ததும் நிறுத்தினார்.

"என்னங்க சார், அங்க அம்புட்டும் கருகிக் கெடக்கு. இது மட்டும் எப்படி நிக்கிது?"

சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது, மேலே மரம் பனியைத் தடுக்கிறது என்று விளக்கினேன். அவர் இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"முன்ன அறுத்தது கையக் கிழிச்சிச்சு. இது பூனைக்குட்டி காது கணக்கா இருக்கே, ஏங்க?"

"குருத்து அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதான். எனக்கென்ன, பூனையத் தெரியும், மாட்டத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே மீதியை அறுத்தார். அன்று இரண்டு கட்டு, மறுநாள் இரண்டு கட்டு.

மூன்றாம் நாள் பால் வரவில்லை. மாலை நான் வேலையிலிருந்து திரும்பியபோது, பசு எழுந்திருக்கவில்லை, கழிச்சல், மருத்துவர் வந்திருக்கிறார் என்று மனைவி சொன்னாள். நெஞ்சு தப்பித் தப்பி அடிக்கிறதாம், மருத்துவருக்கே காரணம் பிடிபடவில்லையாம். நெஞ்சு என்ற சொல்லைக் கேட்டதும் பையை வாசலிலேயே வைத்துவிட்டுச் சுவரோரம் போனேன்.

கையுறையைக் கழற்றினேன். இலை மெத்தென்று இருந்தது. விளிம்பில் சன்னமாகப் பல் வெட்டு. கம்ஃப்ரிக்கு விளிம்பு வெட்டே இருக்காது. இதில் நரம்புகள் காம்புவரை இறங்கிச் சிறகு விரித்திருந்தன. ஃபாக்ஸ்குளோவ். சுவருக்கு அப்பால் மேட்டில் உள்ள பங்களாத் தோட்டத்தில் மணிமணியாக ஊதாப் பூக்கள் தொங்குமே, அந்தச் செடி. தூசி போன்ற விதை, மழைத் தண்ணீரோடு சுவரைத் தாண்டி வந்திருக்கிறது. முதல் வருடம் பூக்காது, இலை மட்டும்தான். இரண்டும் வேறு வேறு குடும்பம். ஒன்று தீவனம், மற்றது இதயத்தை நிறுத்தும் விஷம். பனியில் கம்ஃப்ரி மடியும், ஃபாக்ஸ்குளோவ் நிற்கும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அவர் கேட்ட இரண்டு கேள்விகளே போதுமானவை. நான் குனிந்து ஒரு விரலால் தொட்டிருந்தால் முடிந்திருக்கும்.

ஓர் இலையோடு தொழுவத்துக்கு ஓடி மருத்துவரிடம் சொன்னேன். அவர் இலையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். விஷத்தை உறிஞ்சக் கரித்தூளைக் கரைத்து ஊற்றச் சொன்னார், ஒரு ஊசி போட்டார். இவ்வளவு நேரம் ஆன பிறகு இதற்கு மேல் தன் கையில் ஒன்றுமில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார். மறுநாள் மதியம் பசு செத்தது. தலை பால்காரம்மா மடியில் இருந்தது.

தெருக்காரர்கள் பனிதான் காரணம் என்றார்கள். ஒருவர் கண்ணேறு என்றார். அவர்கள் போன பிறகு, காரணம் பனி அல்ல, நான் சொன்ன பெயர்தான் என்று அவரிடம் சொன்னேன். பேசவேண்டியதையெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நான் கேட்டேன்ல சார்" என்றார். "ரெண்டு தடவ கேட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வேறு பசு வாங்கித் தருகிறோம் என்று நானும் மனைவியும் போய்க் கேட்டோம். இனி மாட்டுச் சோலி வேண்டாம், ஒன்றை இப்படி அனுப்பியது போதும் என்றார். ஏரிப் பக்கம் ஒரு விடுதியில் அறை கூட்டும் வேலைக்குப் போகிறார். மகள் படிப்பை நிறுத்திவிட்டு மதுரையில் துணிக்கடையில் நிற்கிறாள். அதை அவர் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்லித் தெரியும்.

சுவரோரத்தை நான் அன்றே தோண்டி எடுத்துவிட்டேன். பயனில்லை. அந்த விதை மண்ணில் வருடக்கணக்கில் உறங்கும். ஐப்பசி மழைக்கு மறுபடி நூற்றுக்கணக்கில் முளைத்தது, பாத்தியிலும் பாதையிலும். இரண்டு இலை நிலையில் எது எது என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் உட்கார்ந்து வெறுங்கையால் எல்லாவற்றையும் பிடுங்குகிறேன். மறுநாளும் முளைத்திருக்கிறது.

போன வாரம் அப்படிப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவர் வேலைக்குப் போகும் வழியில் எங்கள் வாசல் கேட் அருகே நின்றார். மாதங்களுக்குப் பிறகு முதல் தடவை. நின்றது பழைய பழக்கத்தாலா, வேறு எதனாலா, தெரியவில்லை.

"என்ன செடி சார் அது?"

உள்ளங்கையில் இருந்த நாற்றைப் பார்த்தேன்.

"தெரியலம்மா."

அவர் தலையாட்டிவிட்டு இறக்கத்தில் நடந்தார்.