நாலாவது தடவை தெரிஞ்ச சர்ச்

மல்லிகாக்கா, மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பேய், காத்து கருப்பு, இதெல்லாம் எனக்குக் கிடையாது. எங்க டென்டல் கிளினிக்குல எக்ஸ்ரே ரூம்ல யாரோ நிக்கறாங்கன்னு ஒரு பொண்ணு அழுதப்போ, லைட்டைப் போட்டு, தொங்கிட்டிருந்த டாக்டரோட கோட்டைக் காட்டினவளே நான்தான். நீங்க நான் சொல்றதை நம்பலன்னாலும் எனக்கு வருத்தமில்ல, ஏற்கெனவே ஏழு பேரு நம்பல, எட்டாவது ஆளா நீங்களும் சேந்துக்கலாம். பொய் சொல்றேன்னு மட்டும் சொல்லாதீங்க, அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால தாங்க முடியல.

எனக்கு ரயில் பைத்தியம்னு நம்ம குதைபியா ஏரியா முழுக்கத் தெரியும். ஜோலார்பேட்டையில பொறந்தவளைக் கொண்டாந்து, பேருக்குக்கூட ஒரு தண்டவாளம் இல்லாத பஹ்ரைன்ல குடி வச்சா வேற என்ன ஆகும்? நாலு வருஷம் முன்னாடி இந்த வளைகுடாவுல இருக்கற தமிழ் ரயில் பைத்தியங்க எல்லாம் சேந்து ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சாங்க, அதுல நானும் ஒருத்தி. அட்மின் பத்மநாபன் சார், பர் துபாய்ல இருக்கறவரு. ஒரு பாலத்தோட போட்டோ அனுப்பினா அதைப் பெரிசு பண்ணி எத்தனை போல்ட்டுன்னு எண்ணிச் சொல்ற மனுஷன். அவருதான் லாக் புக்குக்கு நாலு சட்டம் போட்டாரு. எந்த ரயில்ல போனாலும் ஸ்டேஷன், பாலம், சொரங்கம், பக்கத்துல தெரியற கட்டடம், எல்லாத்தையும் நேரத்தோட நோட்டுல எழுதணும். கண்ணால பாத்ததை மட்டும்தான் எழுதணும். எழுதினதை எந்தக் காரணத்துக்கும் அடிக்கக்கூடாது. கூட இருந்து பாத்த இன்னொருத்தர் கையெழுத்து இருந்தாத்தான் செல்லும். இந்தச் சட்டத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, எங்கிட்டதான் அது செல்லாமப் போச்சு.

போன ஜூன்ல எட்டுப் பேரா சுவிட்சர்லாந்து போனோம். பத்து நாளும் ரயில்தான், ஏரியா மலையா எதுவும் ரயில் ஜன்னல் வழியாத்தான். எங்க வீட்டுக்காரர் எனக்காக வந்தாரு, பாவம், அவருக்கு ரயில்ல உக்காந்தா தூக்கம் வரும் அவ்ளோதான். அவரோட குறட்டை உங்களுக்குத் தெரியாததா, உங்க வீட்டுக்காரர் எத்தனை ராத்திரி செவுத்தைத் தட்டியிருக்காரு.

ஆறாம் நாள்தான் நாங்க எல்லாரும் காத்துக் கெடந்த பழைய மலைப் பாதை. அவசரமாப் போறவங்க எல்லாம் இப்ப கீழ புதுசாத் தோண்டின சொரங்கத்துல போயிடறாங்க, மேல இருக்கற பாதையில எங்களை மாதிரி ஆளுங்கதான் போறது. அதுல என்ன விசேஷம்னா, மலை செங்குத்தா இருக்கறதால ரயில் நேரா ஏற முடியாது. சொரங்கத்துக்குள்ள பூந்து, முறுக்கு சுத்தற மாதிரி உள்ளயே சுத்தி, இன்னும் கொஞ்சம் மேல வெளிய வரும். அங்க ஒரு ஊர்ல வெள்ளை சர்ச் ஒண்ணு இருக்கு. ஒரே சர்ச்சை மூணு தடவை பாக்கலாம். மொதல்ல நிமிந்து பாக்கணும், அப்புறம் நேருக்கு நேர், அப்புறம் கீழ குனிஞ்சு. உலகத்துல இருக்கற ரயில் பைத்தியத்துக்கெல்லாம் இது தெரியும். மூணு, நாலு கிடையாது.

மத்தியானம் ரெண்டு மணி, பளபளன்னு வெயில். எட்டுப் பேரும் ஒரே பெட்டி. சர்ச் ஒரு தடவை இந்தப் பக்கம் வரும், ஒரு தடவை அந்தப் பக்கம் வரும், அதனால நாங்க நோட்டும் கையுமா இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் ஓட, அங்க இருந்த வெள்ளைக்காரப் பாட்டி ஒண்ணு காலை மடக்கி வழி விட்டுட்டு சிரிச்சுட்டே இருந்தாங்க. நான் மூணையும் பாத்து நேரம் எழுதிட்டேன், பத்மநாபன் சார் கையெழுத்தும் வாங்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் எனக்கு எதிர் சீட்ல, நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு, ஜன்னல்ல தலையைச் சாச்சு ஒரே குறட்டை. அந்தப் பாட்டி ரெண்டு தடவை திரும்பிப் பாத்தாங்கன்னா பாத்துக்கோங்க.

அடுத்து ஒரு பெரிய சொரங்கம் வரும், அதுக்குள்ள எஞ்சின் நுழையற சத்தத்தை முன்பெட்டியில இருந்து ரெக்கார்ட் பண்ணணும்னு ஆறு பேரும் எழுந்து முன்னாடி போயிட்டாங்க. எனக்கும் ஆசைதான். மூட்டை முடிச்செல்லாம் இருக்கு, இவரு இப்பிடித் தூங்கறாரு, நான் இங்கயே இருக்கேன்னு உக்காந்துட்டேன். நானும் அன்னிக்கு எழுந்து போயிருக்கணும், இன்னிக்கு வரைக்கும் அதை நெனச்சு மருகறேன்.

நடுவுல சின்னதா ஒரு சொரங்கம் வந்து வெளிச்சம் போச்சு, வெளிய வந்தோம். வந்தா, ஜன்னலுக்கு நேரா அந்த சர்ச். நான் வேற எந்த சர்ச்சையோ பாக்கல, அதே வெள்ளைச் செவுரு, அதே கூர்க் கோபுரம், அதே கடிகாரம், கால் மணி நேரமா வெறிச்சுப் பாத்ததை எனக்கு அடையாளம் தெரியாதா? மூணு தடவையும் தூரத்துல தெரிஞ்சது, இப்ப கையை நீட்டினா தொடலாம்ங்கற மாதிரி கிட்ட இருந்துச்சு. சுத்தி கல்லுல ஒரு குட்டைச் செவுரு. அது மேல ஒரு ஆள் நின்னுட்டிருந்தாரு, நீல ஸ்வெட்டரு. இடது கையில போனைப் பிடிச்சு எங்க ரயிலைப் படம் எடுத்துட்டிருந்தாரு. அக்கா, அது எங்க வீட்டுக்காரரு. இருபத்திரெண்டு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணவளுக்குத் தெரியாதா? எடுத்து முடிச்சிட்டு போனை எறக்கினாரு. ஸ்டேஷன்ல டீ வாங்க எறங்கி, அதுக்குள்ள வண்டி கெளம்பிட்டா ஒரு முழி முழிப்பாங்களே, அந்த முழி. கையைத் தூக்கி நில்லு நில்லுன்னாரு. அதுக்குள்ள ரயில் தாண்டிடுச்சு.

நான் திரும்பிப் பாத்தேன். எதிர் சீட்ல அவரு இருந்தாரு. நீல ஸ்வெட்டரு, ஜன்னல்ல சாஞ்ச தலை, தெறந்த வாய், எல்லாம் அப்பிடியே. குறட்டை மட்டும் இல்ல. மூணாவது தடவை வரைக்கும் கேட்டுச்சு, அப்புறம் கேக்கல.

நீங்க சிரிச்சாலும் பரவாயில்ல, அந்த நேரத்துல என் கை தானா நோட்டைத்தான் எடுத்துச்சு. இரண்டு பதினேழு, சர்ச், நாலாவது தடவை, மிக அருகில். அதுக்கு மேல எழுதல. செவுத்து மேல நின்ன ஆளை நான் எழுதல. கண்ணால பாத்ததை எழுதணும்ங்கற சட்டத்தை நாலு வருஷத்துல அன்னிக்குத்தான் மீறினேன். எப்பிடிக்கா எழுதறது? எதிர்ல தூங்கற புருஷன் வெளிய நிக்கறாருன்னு எந்தப் பொண்டாட்டி எழுதுவா?

ஏங்க, ஏங்கன்னு நான் அவரை எழுப்பிட்டிருந்த சத்தத்துல டிக்கெட் பாக்கறவரு வந்தாரு. நம்புவீங்களா, அவரு தமிழ், யாழ்ப்பாணத்துக்காரங்க வீட்டுப் புள்ளை, சுவிஸ்லயே பொறந்து வளந்தவராம். இந்தியாவோ அக்கான்னு கேட்டாரு. ரெண்டு டிக்கெட்டையும் நான்தான் நீட்டினேன். தம்பி, இந்த சர்ச் நாலு தடவை தெரியுமான்னு கேட்டேன். மூணு தரம்தான்னாரு. நான் நோட்டைக் காட்டினேன். அதுல எழுதியிருந்ததையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் குரலை எறக்கிக் கேட்டாரு.

“அங்கை ஆரும் நிண்டவையோ, அக்கா?”

“இல்ல.”

“வடிவாப் பாத்தனீங்களோ? ஒருத்தரும் இல்லையோ?”

“யாருமே இல்ல தம்பி.”

“அப்ப பரவாயில்லை” ன்னு சொல்லிட்டு, நான் கேக்காமலே பேனாவை வாங்கி நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. யாராவது நின்னிருந்தா என்னன்னு நான் கேட்டிருக்கலாம். கேக்கல. நான்தான் யாருமில்லன்னு சொல்லிட்டேனே, அப்புறம் எந்த வாயால கேக்கறது?

அடுத்த ஸ்டேஷன் வரப்போ எங்க வீட்டுக்காரர் கண்ணைத் தெறந்தாரு. வந்துடுச்சான்னு கேட்டாரு. நல்லாத்தான் இருந்தாரு.

அன்னிக்கு சாயங்காலம் ஓட்டல்ல, வழக்கம்போல பத்மநாபன் சார் எல்லாரோட நோட்டையும் வாங்கி சத்தமாப் படிச்சாரு. என்னுதுல நாலாவது தடவைன்னு வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழட்டி, ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க, எனக்கு உச்சியில ஏறிடுச்சு. அங்க நாலாவதுக்கு வழியே கிடையாது மேடம், அதை அடிச்சிடுங்கன்னாரு. டிக்கெட் பாக்கறவரு கையெழுத்து இருக்கேன்னேன், அவரு மெம்பர் இல்ல, செல்லாதுன்னாரு.

“எழுதினதை அடிக்கக்கூடாதுன்னு நீங்கதானே சார் சட்டம் போட்டீங்க?”

“நடந்ததை எழுதினா அடிக்கக்கூடாது மேடம். கனவு கண்டு எழுதினா அடிக்கலாம்.”

அஞ்சு பேரும் சோத்துத் தட்டைப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. பஹ்ரைன்ல ரயில் இல்லாததால இந்தம்மாவுக்கு எங்க பாத்தாலும் ரயில் கனவுதான்னு ஒருத்தர் முணுமுணுத்தது எனக்கு நல்லாவே கேட்டுச்சு. சரி, எதிர்ல உக்காந்திருந்த மனுஷனையே கேப்போம்னு இவரைக் கேட்டாங்க. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? “நான் தூங்கிட்டேன் சார். அவளும் கொஞ்சம் கண்ணசந்திருப்பா.” எனக்கு அழுகையே வந்துடுச்சு அக்கா. இருபத்திரெண்டு வருஷத்துல நான் ஒரு தடவை பகல்ல தூங்கி இவரு பாத்திருக்காரா? ஊர் ஆயிரம் சொல்லட்டும், கட்டினவரு சொல்லலாமா?

நான் அடிக்கல. மனாமா வந்து எறங்கின மறுநாளே குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க. பொய்யான பதிவுக்காக நீக்கப்படுகிறார்னு எல்லாரும் பாக்கற மாதிரி எழுதிட்டுத் தூக்கினாரு. நாலு வருஷம் ஒரு நிமிஷம் முன்னப்பின்ன எழுதாதவ அக்கா நான்.

இதோட விட்டிருந்தா நானும் மறந்திருப்பேன். போன வாரம் இவரோட போன்ல இடமில்ல, வேணாததை அழிச்சுக் குடுன்னு எங்கிட்டக் குடுத்தாரு. உக்காந்து அழிச்சுட்டே வரேன், சுவிஸ் போட்டோவெல்லாம் வருது, நடுவுல ஒண்ணு. எங்க ரயில். வெளிய இருந்து எடுத்தது. கீழ ஓரத்துல அந்தக் கல்லுச் செவுரு தெரியுது. நேரம் இரண்டு பதினேழு. ஒரு ஜன்னல்ல மஞ்சள் சால்வை போட்டுக்கிட்டு, வாயைப் பொளந்துட்டு நான். இது எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா, யாராவது அனுப்பியிருப்பாங்க, அழிச்சிடுங்கறாரு. யாரும் அனுப்பலக்கா, வாட்ஸப்ல வந்ததெல்லாம் வேற இடத்துல இருக்கும், இது அந்தப் போன்லயே எடுத்தது.

இந்த ஒரு படம் போதும். இதை அனுப்பினா பத்மநாபன் சார் அதே குரூப்ல எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாகணும். பொய்யான பதிவுன்னு போட்டதை அவரே வாபஸ் வாங்கணும். ஏழு நாளா அனுப்பற பட்டன் மேல விரலை வச்சு வச்சு எடுக்கறேன், அனுப்ப முடியல. அந்த மனுஷன் பெரிசு பண்ணிப் பாப்பாரு. நானும் பெரிசு பண்ணிப் பாத்தேன். ஜன்னல்ல நான் இருக்கேன், என் கையில நோட்டு இருக்கு, எதிர் சீட்டு மேல எங்க பை இருக்கு. அந்த சீட்ல யாரும் இல்ல.

இல்லக்கா, இருங்க, எழுந்திருக்காதீங்க. அவரு நல்லாத்தான் இருக்காரு. வேலைக்குப் போறாரு, மீன் கொழம்புல உப்புக் கம்மின்னு கத்தறாரு, ஊருக்குப் போன் பேசறாரு. முழிச்சிருக்கறப்போ எல்லாரும்தான் பாக்கறாங்க. அதுக்கப்புறம் தூங்கறப்போ பாத்தது நான் ஒருத்தி மட்டும்தான். சுவிஸ்லேருந்து வந்து மூணு மாசம் ஆச்சு, உங்க வீட்டுக்காரர் ஒரு ராத்திரியாவது செவுத்தைத் தட்டினாரா, நெனச்சுப் பாருங்க.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை, லீவு. சாப்பிட்டுட்டு உள்ரூம்ல படுத்திருக்காரு, இப்பதான் நான் பாத்துட்டு வந்தேன், கண்ணால பாத்தேன். கதவு தெறந்துதான் இருக்கு. நீங்க நம்பவும் வேணாம், கையெழுத்தும் போட வேணாம். போறப்போ ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு, கட்டில்ல யாராவது இருக்காங்களான்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிட்டுப் போங்கக்கா.