தேய்த்தும் போகாத கறுப்பு

வேலம்பாளையத்தில் எங்கள் முதலாளிக்கு ஒரே காம்பவுண்டில் சாயப்பட்டறையும் பனியன் கம்பெனியும் இருந்தன. பட்டறை லேபில் ஷேடு பார்ப்பது, அதாவது கேட்ட நிறம் துணியில் வருகிறதா என்று பார்ப்பது, என் வேலை. படித்தது பத்தாவது, மற்றதெல்லாம் சாய டப்பாவோடு வரும் தாள்களைப் படித்தும், வருகிறவர் போகிறவர் வாயைக் கிளறியும் தெரிந்துகொண்டதுதான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் வாய் கிளற அருமையான ஆள் ஒருவர் கிடைத்தார். முதலாளியின் அக்கா மகள். கோயமுத்தூரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"ஏனுங்ண்ணா, உங்க பீக்கர் மெஷின்ல எனக்குச் சித்த எடம் கிடைக்குங்களா?"

மூடிய டப்பாக்களைச் சூட்டிலேயே சுற்றவைத்து, சாம்பிள் துணிக்குச் சாயம் ஏற்றும் மெஷின் அது. அவர் ஏற்ற வந்ததோ பல்லேடியம் என்ற உலோகம். அதன் உப்புக் கரைசலில் பருத்தித் துணியைப் போட்டுச் சூடேற்றினால், கண்ணுக்குத் தெரியாத பொடித்துகளாக நூலில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணி கறுத்து வெளியே வரும்.

"இது எதுக்கு அம்மிணி?"

"தனித்தனியா நிக்கிற ரெண்டு மூலக்கூறைச் சேத்து வெக்கறதுக்குங்க. மருந்தெல்லாம் இப்படிச் சேத்துத்தானுங்க செய்யறாங்க."

"கல்யாணத் தரகருன்னு சொல்லுங்க."

"ஆமாங்ண்ணா. ஆனா இந்தத் தரகரை வெளிய எடுத்து அலசி, அடுத்த கல்யாணத்துக்கும் கூப்புடோணுங்க."

அங்கேதான் சிக்கல். முதலில் அவர் கொண்டுபோன துணிகளில் உலோகம் நிற்காமல் கழன்றுவிட்டது. அவருடைய பேராசிரியர், பருத்தியை விட்டுவிட்டு இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானுக்கு மாறிவிடச் சொன்னார். மாறினால் அதுவரை செய்ததெல்லாம் வீண். கையில் மிச்சமிருந்த பல்லேடியம் உப்பை வைத்துக் கடைசியாக ஒரு முறை செய்து பார்க்க அனுமதி வாங்கி வந்தார். இருவரும் யோசித்து, இந்த முறை சாஃப்ட்னர் ஏற்றாத துணியாக எடுத்தோம்; துணியை மெதுவாக்கும் அந்தப் பூச்சுதான் உலோகத்தை நூலில் ஒட்டவிடவில்லையோ என்று சந்தேகம். நன்றாகக் கறுத்தது. மேசையில் காயவைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தால் மேசை காலி.

பனியன் கம்பெனி செக்கிங்கில் கறை எடுக்கும் அக்கா வாசலில் நின்றார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கையில் எங்கள் துணி, ஈரமாக.

"அண்ணாச்சி, நல்ல வெள்ளைத் துணில எந்தப் பயலோ ஆயில ஊத்திருக்கான். கறை எடுக்க மருந்தடிக்கிற கன் வச்சு அடிச்சேன், போவல. சோப்பு போட்டுக் கசக்குனேன், அதுக்கும் போவல. இப்படி ஒரு கறைய நான் பாத்ததே இல்ல, கேட்டியளா!"

அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அது கறையில்லீங்க அக்கா. என்ற பல்லேடியமுங்க. இருந்ததே அவ்வளவுதானுங்க."

"ஐயையோ, எனக்கு எப்படித் தாயி தெரியும்? வெள்ளையில கறுப்பப் பாத்தா என் கை சும்மா இருக்காதுல்லா."

திட்டவும் முடியவில்லை. கறை கண்ட இடத்தில் கையை வைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளமே. அந்தப் பெண் சட்டென்று எழுந்தார்.

"கசக்குன தண்ணி எங்கீங்க அக்கா?"

பக்கெட்டில் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தார். கையால் நுரையை ஒதுக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். வெறும் சோப்புத் தண்ணீர். கறுப்பின் சாயலே இல்லை. துணியைப் பையில் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை மாலை லேபுக்குப் போன் வந்தது.

"சேத்து வெச்சிருச்சுங்ண்ணா! அலசி மறுபடியும் போட்டேன், மறுபடியும் சேத்துருச்சுங்க. உலோகம் கழலவே இல்லீங்க. சாரு, பருத்தியே இருக்கட்டும்னுட்டாருங்க."

அதற்கப்புறம் கறுத்த துணி எது வந்தாலும், காலேஜுக்குப் போகும் முன் அக்காவின் கைக்குப் போயாக வேண்டும். தாங்கினால்தான் அடுத்த வேலை.

"நல்லா அழுத்தித் தேய்ங்க அக்கா," என்பார் அந்தப் பெண்.

"கறைய எடுத்தா சம்பளம் தாராவ, எடுக்க முடியலைன்னா நீ பஜ்ஜி வாங்கித் தார. ஒரு நாளு இத எடுத்துக் காட்டுதனா இல்லியா பாரு!"

சொல்லிவிட்டு, நிஜமாகவே எடுத்துவிடுகிற ஆவேசத்தில் சோப்பைப் போட்டுக் கசக்குவார்.