எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர்

என் கணவர் மேடையேறினால் ஒரு வசனம் தவறாமல் வரும். "எனக்கென்று ஒரு சாண் நிலமில்லை, ஒரு வீடில்லை." கூட்டம் கைதட்டும். பெண்கள் பக்கத்தில் இருக்கும் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் பகுதியில் எந்த ஆணுக்குத்தான் வீடு இருக்கிறது? வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். இவரும் அப்படித்தான் பழுகாமத்திலிருந்து வாவியைக் கடந்து, தேற்றாத்தீவில் என் தாய் எனக்குக் கட்டித் தந்த வீட்டுக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களுடன் வந்தவர். ஊர் வழக்கத்தைத் தன் தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருந்த அவருடைய தோழர் ஒருவர் அடிக்கடி வருவார். முஸ்லிம்களான அவர்களுக்குள்ளும் வீடு பெண்ணுக்குத்தான். "நாம ரெண்டு பேரும் பொஞ்சாதிமார்ர ஊட்டுல இரிந்துக்கிட்டுத்தான் தனியுடமைய ஒழிக்கிறம்" என்று அந்தத் தோழர் சொல்ல, இவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

இவருக்குக் கூட்டுறவுச் சங்கப் பரிசோதகர் வேலை. மற்ற நேரமெல்லாம் எழுத்து. மெல்லிய புத்தகங்களாக நகரத்தில் அச்சடித்துக் கொண்டுவருவார். சோசலிசம் ஒரே நாளில் வராது, வரவும் கூடாது என்பது இவருடைய கட்சி. புரட்சி நடந்த மறுநாள் காலையில் கிணற்றடியில் யார் முதலில் தண்ணீர் அள்ளுவது என்பதற்கும் ஒரு விதி வேண்டும். அந்த விதியை இன்றைக்கே, இருக்கிற சட்டத்துக்குள்ளேயே, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த வேண்டும் என்று எழுதுவார். சலுகை வேறு, உரிமை வேறு என்பது அவருக்குப் பிடித்த இன்னொரு பேச்சு. ஒருவன் தனியாகச் சலுகை வாங்கினால் மற்றவர்களின் உரிமை அந்தளவுக்குத் தள்ளிப்போகும் என்பார். நான் சோறு போடும்போதுகூட இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் கறியை மட்டும் கவனிப்பேன்.

ஆயுதம் எடுத்த பொடியன்களுக்கு இவர் "ஆமை ஐயா". அவர்களில் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து வாதாடுவார்கள். என் கையால் சாப்பிட்டுவிட்டு, "நீங்க நடந்து வாங்க ஐயா, நாங்க ஓடிப் போய்க் கொண்டுவாறம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பழைய இடதுசாரிகளுக்கோ இவர் கொள்கையை விற்றவர். இரண்டு பக்கமும் இல்லாத மனிதனோடு குடும்பம் நடத்துவது எப்படியென்று என்னைக் கேட்டால் ஒரு புத்தகம் எழுதுவேன்.

கடல் எழுந்து ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பழுகாமத்தில் இருந்தோம். இவருடைய மாமியாரின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே போயிருந்தோம். மாமியார் என்றால் என் தாயில்லை, இவருடைய தகப்பனின் தங்கை. செத்துப்போன அந்த மனுஷிதான் எங்கள் மூன்று பேரையும் காப்பாற்றினார். திரும்பி வந்தபோது என் வீட்டில் அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் மிஞ்சியிருந்தன. இவருடைய புத்தகம் ஒன்றுகூட இல்லை. அதற்காக இவர் அழவில்லை. நான் என் வீட்டுக்காக அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன்.

கடலுக்குக் கிட்ட இனி வீடு கட்டக்கூடாது என்றார்கள். உள்ளே, வாவிப் பக்கமாக, அரசாங்கக் காணியில் ஒரு சின்னத் தெரு போட்டு, அந்த ஒழுங்கை முழுக்க ஒரே மாதிரி வீடுகள் கட்டித் தருவதாக வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வந்தது. நாங்கள் தங்கியிருந்த முகாமில் வைத்துக் குடும்பத் தலைவர் யாரென்று கேட்டு எழுதினார்கள். பெண்கள் எல்லாரும் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்கு வரிசையில் நின்றோம். ஆண்கள் ஆளுக்காள் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டார்கள். என் கணவரும் சொன்னார். வீடு யார் பெயரில் இருந்தாலென்ன, குடியிருக்கத்தானே என்பது அவருடைய நினைப்பு. பிறந்ததிலிருந்து வீடு வைத்திராத எங்கள் ஆண்கள் அன்று ஒரே காலையில் வீட்டுக்காரர்கள் ஆனார்கள்.

அதன் வினை வீடு கட்டி முடிந்த பிறகுதான் தெரிந்தது. மகளைக் கேட்டு ஒரு நல்ல இடத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"வீடு ஆர்ர பேர்ல இரிக்கு?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார்.

பிரதேச செயலகத்தில் விசாரித்தோம். இது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்த பெர்மிட் காணி, இவர் கண்ணை மூடினால் மூத்த மகனுக்குப் போகும் என்றார்கள். மகன் கொக்கட்டிச்சோலையில் மனைவி வீட்டில் இருக்கிறான். அவனுக்கு வீடு, மகளுக்குத் தெருவா? மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் பொறுப்பதாகச் சொன்னார்கள்.

இவர் மனு எழுதினார். ஒழுங்கையிலுள்ள எல்லாப் பெண்களுக்குமாக எழுதினார். அலுவலகத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் சண்டை தொடங்கி, அங்கிருந்த சனம் வாவியைக் கடந்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. அதிகாரிகளுக்கு எங்களைப் பார்க்க நேரமில்லை. அவர்களில் இவருடைய புத்தகங்களை வாசித்த ஒருவர் ஒரு நாள் தனியே கூப்பிட்டு, "ஐயா, உங்கட வீட்ட மட்டும் அம்மாட பேருக்கு மாத்தித் தாறன். நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க" என்றாராம். இவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து, அதை என்னிடமே சொன்னார்.

"உங்களுக்கு விசரா?" என்றேன்.

"அது சலுகை புள்ள."

"உங்கட சோசலிசம் ஆறுதலா வரட்டும். என்ர புள்ளைக்கு வயசு போகுது!"

அதற்குமேல் நான் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் முடித்தார்கள். மகள் ஒன்றும் சொல்லாமல் பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்வந்தாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குத் தாங்க முடியாமலிருந்தது. இவருக்குச் சோறு வைப்பேன், உடுப்புத் தோய்ப்பேன், வாய் திறக்கமாட்டேன்.

வடக்கில் யுத்தம் முடிந்ததென்று வானொலி சொன்ன நாளில் இவர் அதை நிறுத்திவிட்டு வாசற்படியில் இருந்தார். நகரத்துப் பக்கம் சந்தோஷத்துக்கு வெடி கொளுத்தும் சத்தம் கேட்டது. தான் சொன்னதுதான் சரியென்று இவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் பெட்டியைக் கட்டி அனுப்பியிருப்பேன். சொல்லவில்லை.

"ஓடிப் போன புள்ளையள் ஒண்டும் மிச்சமில்லகா" என்றார். பிறகு சின்னப்பிள்ளை போல அழுதார். என் கையால் சாப்பிட்ட அந்த இரண்டு பேரும் என் கண்ணுக்குள் வந்தார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய், "குடியுங்க" என்றேன். அப்படித்தான் எங்கள் பேச்சு மறுபடி தொடங்கியது.

மறுகிழமையே ஒழுங்கையிலுள்ள பெண்களை நான் திரட்டினேன். மனுவை அவர் எழுதினார், அலுவலக வாசலில் நாங்கள் போய் இருந்தோம். எத்தனையோ தடவை போன பிறகு மேலிடத்திலிருந்து பதில் வந்தது. கணவன் சம்மதித்தால் பெர்மிட்டை மனைவி பெயருக்கு மாற்றலாம். ஒவ்வொரு குடும்பமாக இவரே கூட்டிக்கொண்டு போனார். எங்கள் முறையைக் கடைசியில் வைத்தார். ஏனென்று கேட்டதற்கு, "முன்னுக்கு நிண்டவன் முதல்ல வாங்கினா நல்லா இரிக்காது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இந்தமுறை நான் பேச்சை நிறுத்தவில்லை, நன்றாகவே ஏசினேன்.

பக்கத்து வீட்டுப் பெர்மிட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்த ஒரு மத்தியானம், சாப்பிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. அடுத்தது எங்கள் வீடு.

செத்த வீட்டுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். காத்தான்குடித் தோழர்தான் பேசினார். அச்சுத் தமிழில் பேசினார். "தனக்கென்று ஒரு சாண் நிலமில்லாமல், ஒரு வீடில்லாமல் வாழ்ந்து மறைந்த..." என்று வந்தவர் என் முகத்தைக் கண்டு நின்றுவிட்டார். அவருக்கும் விஷயம் தெரியும். பிரேதமாகக் கிடந்த மனிதர்தான் அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் தன் பெயரில் வீடுள்ள ஒரே ஒரு ஆண்.

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. பெண்கள் பயந்துபோய் என்னைப் பிடித்தார்கள். கொள்ளி வைக்க ஆயத்தமாக நின்ற மகன் குனிந்து என் காதருகே சொன்னான்.

"அம்மா, வீட்ட நினைச்சு யோசியாதீங்க. அத நான் எடுத்தா ஊர் சிரிக்கும். தங்கச்சிக்கு எழுதிக் குடுப்பம்."

இத்தனை வருஷம் நடையாய் நடந்து அவர் வாங்க நினைத்ததை மகன் நின்ற இடத்திலேயே தந்துவிட்டான். இதைச் சொல்லி அவரைச் சீண்ட வேண்டுமென்று அவர் பக்கம் திரும்பினேன்.