நான்கு தொட்டியையும் சுரண்டிய கதை

எனக்கு வயது எண்பத்து மூன்று. நான் பெற்றது ஆறு, நாத்தனார் விட்டுப்போனது ஒன்று, ஆக ஏழு பேரை வளர்த்தேன். ஏழும் நான் அலசிய மணலில் வடிந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்தவை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் தண்ணீரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்போது வைகைக் கரையில் ஊருக்குக் குடிதண்ணீர் அனுப்ப இரண்டு நிலையங்கள் இருந்தன. கிழக்கே ஒன்று, மேற்கே எங்களுடையது. விறகு போட்டு எரிக்கும் பாய்லர் ஆற்றுத் தண்ணீரை ஏற்றி நான்கு மணல் தொட்டிகளில் விடும். பாய்லருக்கு விறகு போடுவது என் வீட்டுக்காரர். தொட்டி மணலைச் சுரண்டி அலசுவது நாங்கள் எட்டுப் பெண்கள்.

ஒருநாள் மேஸ்திரி வந்து சொன்னார்: "வெள்ளிக்கிழமை இஞ்சினியர் வாராரு. எந்த நெலையத்துல விறகு கொறச்சல், எதுல தண்ணி தெளிவுன்னு ரெண்டையும் ஒத்துப் பாப்பாராம். தோத்ததைப் பூட்டிருவாக."

பூட்டினால் எங்கள் வீட்டில் இரண்டு கூலியும் போய்விடும். மேஸ்திரி நல்ல விறகு தேடிப் பக்கத்துப் பரவை ஊருக்குப் போனார். நாங்கள் பார்த்தோம்: மணலின் மேல் பழுப்பாக, வழவழவென்று, பாலாடை மாதிரி ஓர் ஆடை படிந்து கிடந்தது. பெரிய மனிதர் வருகிற இடத்தை இப்படியா போட்டு வைப்பது? பொங்கலுக்கு வீடு கழுவுகிற மாதிரி நான்கு தொட்டியையும் இரண்டே நாளில் சுரண்டி, வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டோம்.

திரும்பி வந்த மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அடி கூறுகெட்டவளுகளா, அந்த ஆடைதானடி அழுக்கப் பிடிக்கிறது. ஒரு தொட்டியச் சொரண்டினா மத்த மூணு ஓடணும்னு எம்புட்டுத் தடவ சொல்லியிருக்கேன்?"

சொல்லியிருந்தார்தான். தண்ணீர் கலங்கலாக வந்தது. அதை வாய்க்காலில் திறந்துவிட்டோம். விறகு எரிந்துகொண்டே இருந்தது. ஊருக்கு ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. என் வீட்டுக்காரர் என்னிடம் பேசவே இல்லை.

வெள்ளிக்கிழமை இஞ்சினியர் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தார். "கிழக்க இதைவிடத் தெளிவா இருக்கே" என்றார். மேஸ்திரி ஆற்றைக் குறை சொல்லத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆத்துல கொறையில்ல, ஐயா. நீங்க வாரீகன்னு நாலு தொட்டியவும் நாங்கதான் ஒண்ணாச் சொரண்டிப்புட்டோம். ஆடை படியட்டும், பத்து நா கழிச்சு வந்து பாருங்க."

"நான் என்ன பொண்ணு பாக்கவா வாரேன், வீட்டக் கழுவி வைக்க?" என்று சிரித்துவிட்டார். ஆனால் திரும்ப வந்தார்.

இரண்டு நிலையத்துத் தண்ணீரையும் இரண்டு குவளைகளில் பிடித்து வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எது கிழக்கு, எது மேற்கு என்று அவருக்கே தெரியவில்லை. விறகை எடை போட்டபோது எங்களுக்குத்தான் குறைவு. எங்கள் தொட்டிகள் தாழ்வாக இருப்பதால் தண்ணீரை அவ்வளவு உயரம் ஏற்ற வேண்டாம் என்றார். காய்ந்த விறகைத் தவிர வேறு போடாத கை என் வீட்டுக்காரருடையது என்று நான் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். அன்றுதான் என் வீட்டுக்காரர் வாய் திறந்தார்: "சோறு இருக்கா?"

கிழக்கே பூட்டினார்கள். அங்கிருந்த பெண்களில் நால்வர் எங்களோடு வேலைக்குச் சேர்ந்தார்கள். நன்றாகச் சுரண்டுவார்கள், என் அளவுக்கு இல்லை.

ஏத்தா பேத்தி, எழுதினது போதும். மொதல்ல இருந்து வாசி. இஞ்சினியர்கிட்ட நான் பேசுனத நீ மெருகேத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சுபோகும்.